நாளைக்கு என்ன வைப்பது

பன்னிரண்டு மணிக்குச் சவரிமுத்து கத்தியோடு வந்துவிடுவார், அதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், அறுக்கவா வேண்டாமா என்று. இப்போது பத்தேகால். நாளைக்குக் கிறிஸ்துமஸ், மத்தியானச் சாப்பாட்டுக்கு வான்கோழி வைப்பதா வேறு ஏதாவது வைப்பதா, இதை முடிவு செய்ய ஒரு மனுஷிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் போதாதா, போதும், வேறு எந்த வீட்டிலும் போதும். அடுப்படி ஜன்னலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு நெய்ச்சோற்றுக்குக் கிஸ்மிஸ் பழத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறேன். நெய்ச்சோறு எப்படியும் உண்டு, அதில் குழப்பம் இல்லை, அதற்குப் பக்கத்தில் எது என்பதுதான். வெளியே கொய்யாமரத்தில் கட்டிக் கிடக்கிறது அது. நேற்று என் வீட்டுக்காரருடைய பழைய கப்பல் சிநேகிதர் ஒருவர் சாக்கில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி கட்டி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். "ஞானசிகாமணி போன்ல கேட்டாருக்கா, வான்கோழின்னு அந்த ஒரு வார்த்தைய மூணு தரம் சொன்னாரு, அப்புறம்தான் எனக்கு வெளங்குச்சு" என்றபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, நல்ல மனுஷன், கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்த சந்தோஷத்தில் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருக்கிறார் அத்தான். நான் குளிக்கப் போன நேரமாக இருக்கும். இடது கையால் பெயரைத் தேடி, வராத வார்த்தையை மூன்று தரம் வரவழைத்து. எதற்கு எனக்குத் தெரியாமல்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் போகப் பயப்படுகிறது. பறவை குளுகுளுவென்று கத்துகிறது, கத்தும்போது கழுத்தில் தொங்குகிற சிவப்புச் சதை உப்பி இறங்குகிறது. நான் அதைப் பார்க்கக் கூடாது. மூன்று மாதமாக நான் பார்ப்பதெல்லாம் தொண்டைதான், எதிரே யார் பேசினாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, எச்சில் முழுங்குகிறார்களா, இறங்குகிறதா, ஏறுகிறதா. பால்காரரிடம்கூட அப்படித்தான், அவர் ஒருநாள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று.

முன்னறையில் டிவி ஓடுகிறது, ஏதோ ஊர்க் கோயிலில் பாட்டு. அதன் அடியில் அவருடைய மூச்சு கேட்கிறதா என்று என் காதில் பாதி எப்போதும் அங்கேயேதான் கிடக்கிறது. கேட்கிறது. சரி. வான்கோழி. பத்தொன்பது வருஷம் கப்பலில் என்ஜின் அறையில் பிட்டராக இருந்தார், அதில் நாலே நாலு கிறிஸ்துமஸுக்குத்தான் தூத்துக்குடியில் இருந்தார். கப்பலில் கிறிஸ்துமஸ் என்றால் வான்கோழி, கோவாக்காரச் சமையல்காரர் முழுசாகச் சுட்டுக் கொண்டுவந்து வைப்பாராம், கேப்டன் முதல் துண்டு வெட்டுவாராம், எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு இவர்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். ஓய்வு பெற்று வந்த வருஷம் சொன்னார், "இனி எல்லாக் கிறிஸ்துமஸும் வீட்லதான் ஜெபக்கனி, இனி வான்கோழியும் வீட்லதான்." நான் முதல் தரம் ஆக்கினபோது செருப்புத் தோல் மாதிரி இருந்தது. அதை மென்று மென்று, தாடை வலிக்க மென்று, நல்லாயிருக்கு என்றார். அப்புறம் பழகிக்கொண்டேன், முந்தின நாளே வினிகரும் நல்லமிளகும் தடவி ஊறப்போட்டு, குக்கரில் முக்கால் வேக்காடு, பிறகு நெய்யில் போட்டுப் புரட்டி. முதல் துண்டை என் தட்டில்தான் வைப்பார், கேப்டன் மாதிரி நின்றுகொண்டு. பத்து வருஷம். அதற்கு முந்தின பத்தொன்பது வருஷத்தில், அவர் வந்திருந்த அந்த நாலைத் தவிர, நானும் மகள் ஹெப்சியும் மட்டும்தான், கோழிக்குழம்பு, நெய்ச்சோறு, சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்துக் கிடப்போம், நாலு மணிவரைக்கும் யாரும் எங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த மத்தியானங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் கடலில் கிடக்கிறார், இவள் தரையில் கால் நீட்டிச் சந்தோஷமாகக் கிடந்தாள் என்று எப்படிச் சொல்வது? அது தப்பில்லை. தப்பில்லை என்றால் ஏன் இன்றைக்கு, கிஸ்மிஸ் காம்பு கிள்ளும்போது, அந்தத் தரையின் குளிர்ச்சி முதுகில் வந்து ஒட்டுகிறது?

போன வருஷம் நவம்பரில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு, அதோடு முழுங்குவது. கை கால் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், முழுங்குவது போகும் என்று எனக்குத் தெரியாது. போன கிறிஸ்துமஸ் மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் போயிற்று. பிறகு குழாயை எடுத்தார்கள், முழுங்கப் பழக்குகிற பெண் ஒருத்தி வாரம் இரண்டு நாள் வந்தாள், சின்னப் பெண், பொறுமையான பெண். எல்லாம் குழைவாகக் கொடுங்கள் ஆன்ட்டி, தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கணும், தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்து முழுங்கச் சொல்லுங்கள், ஒரு வாய் இறங்கின பிறகுதான் அடுத்த வாய், சாப்பிடும்போது அங்கிளைப் பேசவிடாதீர்கள். சோறு, ரொட்டி, நார் நாராக வருகிற இறைச்சி, இதெல்லாம் பக்கத்திலேயே வரக்கூடாது. நார் நாராக வருகிற இறைச்சி. உலகத்திலேயே நார் நாராக வருகிற இறைச்சி ஒன்று உண்டென்றால் அது கொய்யாமரத்தில் கட்டிக் கிடக்கிறது.

போன் அடிக்கிறது, ஹெப்சி. கோயம்புத்தூரிலிருந்து காலையிலேயே காரில் கிளம்பிவிட்டார்கள், அவளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும், சாயங்காலம் வந்துவிடுவார்கள்.

"ம்மா, முடிவு பண்ணிட்டீங்களா? வான்கோழி வேண்டாம்மா."

"அப்பா ஆசைப்பட்டுக் கேட்டுட்டாங்களே."

"அப்பா கேப்பாங்க. அவங்க முன்னால வச்சு நாம கடிச்சுத் திங்க முடியுமா? எல்லாருமே இடியாப்பமும் சொதியும் சாப்பிடுவோம். அப்பாவுக்கு அதையே நல்லாக் குழைச்சுக் குடுத்துடலாம். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, பிரச்சினையே இல்ல."

"சரி, பாக்கேன்."

"பாக்கேன்னு சொல்லாதீங்கம்மா. செப்டம்பர்ல ஆன மாதிரி திரும்ப ஏதாவது ஆச்சுன்னா? அன்னைக்கு நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க."

நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க. போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் போக மாட்டேன் என்கிறது. அவளுக்கு நான் சொன்னது அப்படித்தான், நானும் வீட்டு வேலைக்கு வருகிற முத்துப்பேச்சியும் சேர்ந்து முதுகில் தட்டினோம், வெளியே வந்துவிட்டது என்று. சேர்ந்து என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு மேல் ஏறி நின்றுகொண்டுதான் மூன்று மாதமாக மகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம். அவருக்குக் குழைத்த பருப்புச்சாதம் கொடுத்து முடித்துவிட்டு, அதே மேசையில் நான் சாப்பிட உட்கார்ந்தேன், தட்டில் முந்தின நாள் கோழிக்குழம்பு இருந்தது, ரசத்தை எடுக்க எழுந்து போனேன். ரசக் கரண்டியோடு திரும்பினால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. மூச்சடைத்தால் இருமுவார்கள், கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை, சத்தமே இல்லாமல்தான் நடக்கிறது. கண் பெரிதாகிறது, இடது கை மேசையைத் தேடுகிறது, உதடு நாகப்பழம் தின்ற மாதிரி ஆகிறது. என் தட்டில் ஒரு துண்டு குறைந்திருந்தது, அதையும் பார்த்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன், கரண்டியிலிருந்து ரசம் என் கால்மேல் சொட்டுவதைக்கூடப் பார்த்தேன், சுட்டது. நகரவில்லை. பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி எதற்கோ உள்ளே வந்தவள்தான் பாய்ந்தாள், ஈரக் கையோடு பின்னாலிருந்து அவரைக் கட்டி வயிற்றுக்கு மேலே குத்தித் தூக்கினாள், ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாவது தரம் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு மேசையில் வந்து விழுந்தது. அவள் முன்பு வேலை பார்த்த கோழிப்பண்ணையில் யாரோ ஆபீசர் வந்து எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாராம். தூக்கிக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்துக் கத்தினாள், "என்னக்கா பாத்துக்கிட்டே நிக்கிய!" அவ்வளவுதான். பிறகு அவள் அதைப் பேசவே இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன்? ஐந்து எண்ணுகிற நேரமா, இருபதா? இன்று இருபது என்று தோன்றுகிறது. பயத்தில் உறைந்துபோனாய் என்று சொல்லிக்கொள்கிறேன், நிறையப் பேர் அப்படி உறைந்துபோவார்களாம், பத்திரிகையில்கூடப் போட்டிருந்தது. ஆனால் நிற்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இனி நாளைக்கு என்ன குழைக்க என்று யோசிக்க வேண்டாம். அப்படியே, அந்த வார்த்தைகளிலேயே வந்தது. அல்லது அன்றைக்கு வரவில்லை, பிற்பாடு தூக்கம் வராத நேரத்தில் நானாக உண்டாக்கி அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டுபோய் வைத்தேனா? தெரியவில்லை. அதற்குச் சாட்சி யாரும் இல்லை. ஆண்டவருக்குத் தெரியும் என்று சொன்னால் மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கு இல்லை.

பத்தே முக்கால். கிஸ்மிஸ் முடிந்தது, முந்திரியை உடைக்க ஆரம்பிக்கிறேன். நாளைய மேசையைக் கண்ணுக்கு முன்னால் போட்டுப் பார்க்கிறேன். வான்கோழி என்றால், நடுவில் பெரிய தட்டு, நெய்யும் மிளகும் மணக்க, பேரன்மார் இரண்டு பேரும் காலுக்காகச் சண்டை போட, மருமகன் ஏதாவது சிரிப்பாகச் சொல்ல, எல்லாரும் அவரை மறந்திருக்கிற ஒரு நிமிஷத்தில் அந்த இடது கை மெதுவாக மேசைமேல் ஊர்ந்து. பிறகு அந்தச் சத்தமில்லாத சத்தம். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவள் நான்தானே, நல்லவேளை நீங்க பக்கத்துல இருந்தீங்க, அப்போது நான் நிற்பேன், கரண்டியோடு நிற்பேன், இந்தத் தரம் மகளும் பேரப்பிள்ளைகளும் பார்க்க நிற்பேன். சரி, இடியாப்பம் என்றால்? இடியாப்பம் நூல் நூலாக இருக்கும், ஒன்று குழையாமல் விட்டுவிட்டால் போதும். தேங்காய்ப்பால் சொதி தண்ணீராக ஓடும், தண்ணீர்தான் எல்லாவற்றையும் விட மோசம் என்றாள் அந்தப் பெண். புட்டு கூடாது, பொடி. கேக்கு கூடாது, உதிரும். முட்டை, மஞ்சள் கரு அடைக்கும். வாழைப்பழம் வழுக்கும். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால் மனுஷன் சாப்பிடுகிற பொருளில் ஆபத்து இல்லாதது எது? எல்லாம் ஒரே குழி வழியாகத்தான் இறங்குகிறது, பக்கத்திலேயே மூச்சுக்குழி, நடுவில் ஒரு மூடி, அவ்வளவுதான் ஏற்பாடு. இத்தனை வருஷம் கோடிக்கணக்கான பேர் இதை நம்பி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் கேள்வி வான்கோழியா இடியாப்பமா என்பது இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. ஹெப்சி வேண்டாம் என்கிறாள் அப்பாமேல் உள்ள பாசத்தில், நான் வேண்டாம் என்று சொன்னால் அது பாசம் இல்லை, என்னை நினைத்து எனக்குள்ள பயம். அதோடு இன்னொன்று. அவர் எதற்கு எனக்குத் தெரியாமல் கேட்டார். இதற்கு மேல் போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்த இடம், இப்போது தானாகத் திறந்துகொள்கிறது. என்னென்ன தின்னக்கூடாது என்று அந்தப் பெண் சொன்னபோது அவரும்தான் கேட்டுக்கொண்டிருந்தார், தலையாட்டினார், அறிவு அப்படியே இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. தின்னக்கூடாததைத் தெரிந்துதான் வரவழைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று, மகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி இருக்க, பிடித்ததைத் தின்று. செப்டம்பரில் என் தட்டிலிருந்து எடுத்ததும் ஆசையில்தானா? ஐயோ ஆண்டவரே. முந்திரிப் பருப்பு கையிலிருந்து தரையில் சிதறுகிறது. பொறுக்குகிறேன். ஒன்று அடுப்புக்கு அடியில் ஓடிவிட்டது, இருக்கட்டும்.

பதினொன்று. கேழ்வரகுக் கஞ்சி நேரம். கட்டியில்லாமல் இரண்டு தரம் வடிகட்டி, ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று விழாத பதத்தில். டிவியை அணைக்க வேண்டும் என்று நினைத்து மறந்துபோகிறேன். அவர் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், நேற்று முகம் மழித்துவிட்டேன், வலது தாடையோரம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலையணை செருகி, துண்டைக் கழுத்தில் கட்டி, தாடையைக் கீழே கொண்டுவரச் சொல்கிறேன். ஒரு வாய். கண்ணை அவருடைய குரல்வளையில் வைக்கிறேன், ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. இரண்டாவது வாய். மூன்றாவது. நாலாவது வாயை வாய்க்குள் வைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புகிறார், வெளியே பறவை கத்துகிறது. "அறு...க்க...?" என்கிறார். முழுங்கிட்டுப் பேசுங்க அத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பதில் சொன்னேன். "சவரிமுத்து வரட்டும், பாப்போம்" என்றேன், அதற்குப் பதில் சொல்ல அவர் மூச்சை இழுத்தார், கஞ்சி வாய்க்குள் இருக்கும்போதே இழுத்தார்.

இருமல். முதலில் ஒன்று, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக, நாற்காலி குலுங்க, முகம் கருஞ்சிவப்பாக, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட. முதுகைத் தட்டு. முன்னால் சாய். இரண்டும் எனக்குத் தெரியும், அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். கை ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தது, கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தது, அழகாக, சிந்தாமல். பிறகு கால் ஓடியது. அடுப்படி, பின்வாசல், கல்படி, கொய்யாமரம். ஓடிவிட்டேன். செப்டம்பரில் நின்றாவது பார்த்தேன்.

பறவை இரண்டடி ஒதுங்கி, ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறது. வெயில் தலையில் விழுகிறது. உள்ளே இருமல் கேட்கிறது, இருமுகிறவரைக்கும் பயமில்லை, இருமினால் காற்று போய் வருகிறது என்று அர்த்தம், அந்தப் பெண் சொன்னது, இருமட்டும், இருமட்டும், இன்னும் இருமட்டும். இருமல் நின்றது. நின்றுவிட்டது. டிவியில் பாட்டு மட்டும் கேட்கிறது, நிறையப் பேர் சேர்ந்து பாடுகிறார்கள், அந்தச் சத்தத்துக்கு அடியில் மூச்சு இருக்கிறதா, தெரியவில்லை, டிவியை அணைத்திருக்க வேண்டும். சரியாகிவிட்டதால் நின்றதா? அடைத்துக்கொண்டதால் நின்றதா? இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். முத்துப்பேச்சி இன்று இரண்டு மணிக்குத்தான் வருவாள். அடுத்த வீட்டில் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள். கத்தினால் தெருவில் யாராவது. கத்த வாய் வரவில்லை. இப்போது அந்த நினைப்பு வருகிறதா, இனி நாளைக்கு என்ன குழைக்க என்ற நினைப்பு, வருகிறதா என்று எனக்குள்ளேயே பார்க்கிறேன், வரவில்லை, இல்லை, வரவில்லை, ஆனால் புருஷன் உள்ளே கிடக்க, தனக்குள் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாளே ஒருத்தி, இவள் யார்? உள்ளங்கையில் கொய்யாமரப் பட்டை உரிந்து ஒட்டியிருக்கிறது. ஹெப்சிக்கு என்ன சொல்வேன்? சேர்ந்து என்று சொல்ல இந்தத் தரம் யாரும் இல்லை. வெள்ளைத் துணி போட்ட மேசைமேல் சவப்பெட்டி, பூ, நாளைக்கு ஊரெல்லாம் மணி அடிக்கும்போது. போ. உள்ளே போ. போகிறேன், தைரியம் வந்ததால் இல்லை, அந்தச் சத்தமில்லாமை முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது, இங்கே நிற்பதற்கு அதைவிட அதிகம் தைரியம் வேண்டியிருக்கிறது, என்னிடம் அவ்வளவு இல்லை.

அவர் உட்கார்ந்திருக்கிறார். தானாகவே முன்னால் சாய்ந்து, இடது கையால் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்குகிறது. வாங்குகிறது, விடுகிறது. என்னைப் பார்க்கிறார். நான் போய் டிவியை அணைக்கிறேன், அதைத்தான் செய்யத் தோன்றுகிறது. வீடு அமைதியாகிறது, அவருடைய மூச்சு தெளிவாகக் கேட்கிறது, கரகரப்பு இல்லாத மூச்சு.

"ஓடி...ட்ட," என்கிறார்.

"ஆமா."

கோபம் இருக்கிறதா என்று முகத்தில் தேடுகிறேன். பாதி முகம் எப்போதும் ஒன்றும் சொல்லாது, மறுபாதியைப் பார்க்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிடுகிறேன், அவர் காலருகே. சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கு மேசையில் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

"அத்தான், செப்டம்பர்ல, அன்னைக்கு, நான் உங்கள வந்து..."

"தெரி...யும்."

"என்ன தெரியும்?"

அவர் இடது கையைத் தூக்குகிறார். விரல்களை மடக்கி, எதையோ பிடித்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, விறைத்துப்போய் அசையாமல் இருக்கிறார். எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்குகிறது. அது நான். கரண்டியோடு நிற்கிற நான். மூச்சு நின்றுகொண்டிருந்தபோதும் என்னை இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார். மூன்று மாதம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, இது தெரிந்துகொண்டுதான் என் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா?

"பயத்துல நின்னேனா, வேற எதுக்காவது நின்னேனான்னு எனக்கே தெரியல அத்தான்." சொல்லிவிட்டேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

அவர் நேரம் எடுத்துக்கொள்கிறார். வார்த்தைக்காகவா, யோசிக்கவா, இரண்டையும் இப்போதெல்லாம் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. "எனக்...கும் தெரியல," என்கிறார். இல்லவே இல்லை, நீ பயத்தில்தான் நின்றாய் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, மனசு ஒரு படி தவறி இறங்குகிறது. பிறகு அவர், "ஆஸ்பத்...திரில... நானும். போயிரலாம்னு... நெனச்சேன்," என்கிறார். "தெனமும்." கையை விரித்துக் காட்டுகிறார், பார், போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்பது மாதிரி.

அப்போதுதான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று காலையிலிருந்து மூடி வைத்திருந்ததைக் கேட்டேன். "அப்ப வான்கோழி அதுக்குத்தானா? அதத் தின்னுட்டுப் போயிரலாம்னா எனக்குத் தெரியாமச் சொல்லிவிட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்கிறார், வாயின் இடது ஓரம் மேலே போகிறது, மூக்கால் ஒரு காற்று வருகிறது, சிரிக்கிறார். சிரிப்பு இருமலாகிவிடுமோ என்று நான் மண்டியிட்டு எழுகிறேன். ஆகவில்லை. "சே," என்கிறார். "உன்ட்ட கேட்டா... வேண்டாம்ப." பிறகு ஒரு மூச்சு. "பிள்ளைங்க... திங்கணும். சத்தம் போட்டு... சண்டை போட்டு." இன்னொரு மூச்சு. அடுத்த வாக்கியம் அவரிடமிருந்து வந்து சேர வெகுநேரம் ஆகிறது, நான் முடித்துக் கொடுக்காமல் காத்திருக்கிறேன். "எனக்காக... எல்லாரும் குழைச்சுத் தின்னா... அது கிறிஸ்துமஸ் இல்ல. எழவு வீடு."

"நீங்க?"

"மணம்." மூக்கைத் தொட்டுக் காட்டுகிறார். "ஒரு சொட்டுக் குழம்பு. நாக்குல." பிறகு, இதை முன்பே யோசித்து வைத்திருந்த மாதிரி, தடங்கல் இல்லாமல், "ஹெப்சி ஊட்டட்டும். நீ தள்ளி உக்காரு. சாப்டு."

தள்ளி உக்காரு. நெஞ்சில் எங்கோ சுருக்கென்கிறது, கூடவே தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரியும் இருக்கிறது, இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி வரும்? செப்டம்பருக்குப் பிறகு அவர் சாப்பிடுகிற மேசையில் நான் சாப்பிட்டதில்லை, அடுப்படியில் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வேன், அதை அவர் கவனித்திருக்கிறார். அவர் பக்கத்தில் இருக்கத் தகுதியில்லை என்கிறாரா, சாப்பிடு என்கிறாரா? சாப்பிடு என்றுதான் சொன்னார். தகுதி என்றெல்லாம் சொல்லவில்லை, அது என் வார்த்தை. ஹெப்சி ஊட்ட வேண்டுமானால் அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும், எப்படி முன்னால் சாய்ப்பது, எங்கே கட்டித் தூக்குவது, அதோடு சேர்ந்து என்ற அந்த வார்த்தையையும் எடுத்துவிட வேண்டும். இன்று சாயங்காலம், காரிலிருந்து இறங்கினதும் முடியாது, பிள்ளைகள் தூங்கட்டும் என்று தள்ளினால் பிறகு சொல்லவே மாட்டேன். காப்பி போடும்போது சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வாள்? முகம் எப்படி மாறும்?

வாசலில் கேட் சத்தம். சவரிமுத்து சைக்கிளை நிறுத்துகிறார், பன்னிரண்டுக்குச் சொன்னவர் பதினொன்றரைக்கே வந்து நிற்கிறார், இன்றைக்கு அவருக்கு எத்தனை வீடோ.

"யம்மா, சீக்கிரம் வந்துட்டேன், இன்னும் ஆறு வீடு கெடக்கு. என்ன முடிவு? அறுக்கவா, பொழச்சுப் போகட்டுமா?"

நான் அத்தானைப் பார்க்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னைப் பார்க்காமல், முடிவை என்னிடமே விட்டுவிட்டு. சவரிமுத்து செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு காலைத் தூக்கி நிற்கிறார்.

"அறுங்க. சின்னத் துண்டா போடாதீங்க, தொடை ரெண்டையும் முழுசா விட்டுருங்க. பிள்ளைங்க வருது."

"சரிம்மா. வென்னி மட்டும் போட்டு வச்சிருங்க, எறகு உரிக்கணும்," என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறார். பெரிய குண்டானில் தண்ணீரை வைத்து அடுப்பைப் பற்றவைக்கிறேன். மூன்றாவது தீக்குச்சிதான் பற்றுகிறது. வினிகர் இருக்கிறது. நல்லமிளகு இடிக்க வேண்டும். பூண்டு முத்துப்பேச்சி வந்து உரிக்கட்டும். இப்படி ஒவ்வொன்றாக எண்ணினால் பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்று எண்ணுகிறேன், ஒதுங்குகிறது, போகவில்லை.

"ஜெ...பா," முன்னறையிலிருந்து.

ஓடுகிறேன். ஒன்றும் இல்லை. அவர் ஸ்டூலின்மேல் இருக்கிற கிண்ணத்தைக் காட்டுகிறார். "மிச்சம்."

"இப்பயா? கொஞ்சம் பொறுத்துக் குடிங்க அத்தான். இப்பதான் அவ்வளவு இருமினீங்க."

"பசி...க்கி."

பாதிக் கிண்ணம் கஞ்சி இருக்கிறது. ஆறி, மேலே ஏடு படிந்திருக்கிறது. ஏட்டை எடுத்துப் போடுகிறேன், கலக்குகிறேன், பதம் பார்க்கிறேன், தலையணையைச் சரிசெய்கிறேன், துண்டை இழுத்துக் கட்டுகிறேன், இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று தேடுகிறேன், ஒன்றும் இல்லை. ஸ்டூலை அவருக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்காருகிறேன், முட்டியோடு முட்டி இடிக்கிறது. இந்தத் தரம் இருமினால் எழுந்து ஓட இடம் இருக்கக் கூடாது. இருந்தாலும் ஓடுவேனோ? நிற்பேனோ? தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை, நாளைக்கும் தெரியாது. ஸ்பூனில் அரைவாய் எடுக்கிறேன். நடுக்கத்தில் ஸ்பூன் கிண்ணத்தின் விளிம்பில் இடித்து டிங் டிங் என்கிறது, அவருக்கும் கேட்கிறது, அந்தச் சத்தம் நிற்கும்வரை பொறுத்திருக்கிறார். பிறகு தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், வாயைத் திறக்கிறார்.